3,000 மேற்கோள்களைத் தாண்டிய கொரோனா ஆய்வு வாபஸ்: ஒரு ஆராய்ச்சியாளரின் தரத்தை எண்கள் சொல்லிவிடுமா?

2024 டிசம்பர் 17 அன்று, ஒரு மருத்துவ ஆய்விதழ் தான் ஏற்கெனவே வெளியிட்ட ஒரு கட்டுரையை வாபஸ் வாங்கியது. இதில் என்ன செய்தி என்று கேட்கலாம். 2023-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இப்படி வாபஸ் ஆகியிருக்கின்றன.

ஆனால், இது பத்தாயிரத்தோடு பத்தாயிரத்து ஒன்று அல்ல. கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை வேலை செய்கிறது என்று 2020 மார்ச்சில் உலகத்தையே நம்ப வைத்த கட்டுரை இது. 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் இதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. வாபஸ் ஆன கொரோனா கட்டுரைகளிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது இதுதான்.

இதன் பின்னால் இருந்தவர் ஏதோ பெயர் தெரியாத ஆள் இல்லை. ஐரோப்பாவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நுண்ணுயிரியல் விஞ்ஞானிகளில் ஒருவர். ‘இத்தனை ஆயிரம் கட்டுரை எழுதியவர் தப்பாகவா சொல்லுவார்?’ என்பதுதான் அன்று பலரும் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. என்ன அது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டிடியர் ரவுல்ட்?

பிரான்ஸின் துறைமுக நகரமான மார்செய்யில் தொற்றுநோய்களுக்கான பெரிய ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அதை உருவாக்கி, பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் டிடியர் ரவுல்ட். 1952-ல் பிறந்தவர்.

இவருடைய சாதனைகள் போலியானவை அல்ல. அமீபாவுக்குள் வாழும் ‘மிமிவைரஸ்’ என்ற ராட்சத வைரஸை 2003-ல் உலகுக்கு அறிவித்தது இவருடைய குழுதான். பாக்டீரியா என்று முதலில் நினைக்கும் அளவுக்குப் பெரிய வைரஸ் அது. விப்பிள் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை ஆய்வகத்தில் வெற்றிகரமாக வளர்த்துக் காட்டியதும் இவர்கள்தான். 2010-ல் பிரான்ஸின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தன்னுடைய உயரிய விருதை ரவுல்ட்டுக்குக் கொடுத்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் பெயர் இடம்பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டும். சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேல். அதாவது, கிட்டத்தட்ட நாலு நாளைக்கு ஒரு கட்டுரை! ஒருத்தர் நோயாளிகளையும் பார்த்து, நிறுவனத்தையும் நடத்தி, நாலு நாளைக்கு ஒரு ஆய்வையும் முடிக்க முடியுமா?

முடியாது. பெரிய ஆய்வகங்களில் தலைவர் பெயர் எல்லாக் கட்டுரையிலும் சேர்வது பல நாடுகளில் உள்ள வழக்கம். எழுதியது யார், சோதனை செய்தது யார், மேற்பார்வை மட்டும் பார்த்தது யார் என்பது எண்ணிக்கையில் தெரியாது. எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்று என்றே கூட்டிக்கொள்ளும்.

மேற்கோள்னா என்ன? எச்-இண்டெக்ஸ்னா என்ன?

ஒரு ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, ‘இந்தத் தகவலை இந்த ஆய்விலிருந்து எடுத்தேன்’ என்று முந்தைய கட்டுரைகளைக் கீழே பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை வந்தால், உங்களுக்கு ஒரு மேற்கோள். ‘சைட்டேஷன்’ என்று சொல்வது இதைத்தான்.

இதை முறையாக எண்ணத் தொடங்கியவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அவர் வெளியிட்டார். எந்தக் கட்டுரை எங்கே பேசப்படுகிறது என்று ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிக்கத்தான் அந்த அட்டவணை. ஆளுக்கு மார்க் போடுவதற்காக அல்ல.

ஆளுக்கு மார்க் போடும் கணக்கு 2005-ல் வந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த அதன் பெயர் எச்-இண்டெக்ஸ். கணக்கு ரொம்ப எளிது. ஒருவர் 5 கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முறையே 50, 20, 8, 4, 1 மேற்கோள்கள். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. எனவே, அவருடைய எச்-இண்டெக்ஸ் 4.

இன்னொருவர் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 3,000 முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் 1 தான். ஆகவே, நிறைய எழுதுபவருக்கு இந்தக் கணக்கு சாதகம். ரவுல்ட்டின் எச்-இண்டெக்ஸ் 100-ஐ எப்போதோ தாண்டிவிட்டது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மேற்கோள் என்பது பாராட்டு அல்ல. ‘இந்த ஆய்வு தவறு’ என்று எழுதினாலும் அதுவும் ஒரு மேற்கோள்தான். ட்ரோல் செய்யப்படும் வீடியோவுக்கும் வியூஸ் ஏறுகிறது இல்லையா, அதே கதைதான்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-ல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. 2010-ல் அது வாபஸ் ஆனது. அதை மேற்கோள் காட்டிய 1,153 வெளியீடுகளை 2019-ல் ஒரு குழு எடுத்துப் படித்துப் பார்த்தது. 72 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அதை மறுத்தோ, குறை சொல்லியோ எழுதியவை. ஆனால், எண்ணிக்கைக் கணக்கில் அத்தனையும் பிளஸ்தான்!

36 நோயாளிகள்... அப்படி என்ன எழுதியிருந்தது?

2020 மார்ச் 20. கொரோனா பயத்தில் உலகம் உறைந்துபோயிருந்த நேரம். ரவுல்ட் குழுவின் கட்டுரை இணையத்தில் வெளியானது. மொத்தம் 36 நோயாளிகள். 20 பேருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டது. 16 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. 6-வது நாளில் மருந்து எடுத்தவர்களில் 70 சதவீதத்தினருக்கு வைரஸ் இல்லை. எடுக்காதவர்களில் 12.5 சதவீதத்தினருக்குத்தான் இல்லை. கூடவே அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 100 சதவீதத்தினருக்கும் வைரஸ் இல்லை என்றது கட்டுரை.

100 சதவீதம்! ஆனால், அந்த 100 சதவீதம் என்பது வெறும் 6 பேர்.

இன்னும் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மருந்து எடுக்கத் தொடங்கியவர்கள் உண்மையில் 26 பேர். அதில் 6 பேர் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. 3 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார். ஒருவர் குமட்டல் காரணமாக மருந்தை நிறுத்திவிட்டார். நிலைமை மோசமானவர்களைக் கழித்துவிட்டு, மிச்சமிருப்பவர்களைக் காட்டி ‘மருந்து வேலை செய்கிறது’ என்றால் எப்படி? கட்டுரை வெளியான சில நாட்களிலேயே நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் உட்படப் பலர் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

வேகமும் கேள்விக்குள்ளானது. மார்ச் 16-ல் இதழுக்கு அனுப்பப்பட்ட கட்டுரை, மார்ச் 17-ல் ஏற்கப்பட்டுவிட்டது. துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துக் கேள்வி கேட்கும் மதிப்பீட்டுக்கு வழக்கமாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். இங்கே ஒரே நாள். கட்டுரை எழுதியவர்களில் ஒருவர், அந்த இதழின் தலைமை ஆசிரியராகவும் இருந்தார்.

ஆனாலும், கேள்விகளைவிட கட்டுரை வேகமாக ஓடியது. மறுநாளே, மார்ச் 21-ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்த மருந்துக் கூட்டணியைப் புகழ்ந்து ட்வீட் போட்டார். ஏப்ரல் 9-ல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் நேரில் மார்செய் போய் ரவுல்ட்டைச் சந்தித்தார்.

இந்தியாவில் என்ன நடந்தது?

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தயாரிப்பில் இந்தியா முன்னணி நாடு. அதனால், அந்த அலை இங்கேயும் நேரடியாக அடித்தது. மார்ச் 23-ல், கொரோனா நோயாளிகளோடு பழகும் மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக இந்த மாத்திரையை ஐசிஎம்ஆர் பணிக்குழு பரிந்துரைத்தது தெரியவந்தது. மார்ச் 25-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அடுத்த நாளே, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விற்பனைக்குக் கட்டுப்பாடு இறுக்கப்பட்டது. ஏப்ரலில் தடை தளர்த்தப்பட்டு, அமெரிக்கா உட்படப் பல நாடுகளுக்கு மாத்திரைகள் போயின.

இவை எல்லாம் அந்த ஒரு கட்டுரையால் மட்டும் நடந்தவை என்று சொல்ல முடியாது. ஆய்வகச் சோதனைகள், சீனாவிலிருந்து வந்த தகவல்கள் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால், மக்கள் மெடிக்கல் ஷாப்களில் வாங்கிக் குவித்ததற்கு அந்த ‘100 சதவீதம்’ ஒரு பெரிய காரணம்.

விலை கொடுத்தவர்கள் யார்? லூபஸ், முடக்கு வாதம் போன்ற நோய்களுக்காக ஆண்டுக்கணக்கில் இதே மாத்திரையைச் சாப்பிட்டு வருபவர்கள். அவர்களுக்கு இது ‘ட்ரை பண்ணிப் பார்க்கும்’ மருந்து அல்ல, தினசரித் தேவை. அந்த வாரங்களில் பல நாடுகளில், இந்தியாவிலும், கடை கடையாக அலைந்தவர்கள் அவர்கள்தான்.

சரியான பதில் எப்போது வந்தது?

ரொம்ப நாள் ஆகவில்லை. பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து சோதித்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்றவர்கள் 1,561 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 3,155 பேர். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதம், இரண்டாவது பிரிவில் 25 சதவீதம். மருந்தால் பலன் இல்லை என்று 2020 ஜூன் 5-ல் அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் கட்டுரை வாபஸ் ஆக ஏன் 2024 டிசம்பர் வரை ஆனது? ‘மருந்து பலன் தரவில்லை’ என்பது வாபஸுக்குக் காரணம் ஆகாது. ஒரு ஆய்வு நேர்மையாக நடந்து, முடிவு தவறாகப் போகலாம். அது அறிவியலில் சகஜம். வாபஸ் என்பது ஆய்வு நடத்தப்பட்ட விதத்தையே நம்ப முடியாதபோது எடுக்கும் நடவடிக்கை. நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் முன்பே நோயாளிகள் சேர்க்கப்பட்டார்களா, அசித்ரோமைசின் கொடுக்க உரிய ஒப்புதல் வாங்கப்பட்டதா என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை என்று இதழ் தரப்பு சொன்னது. கட்டுரை ஆசிரியர்களில் 3 பேர் தங்களுக்கே ஐயம் இருப்பதாகத் தெரிவித்து விலகிக்கொண்டார்கள். ரவுல்ட் உள்ளிட்ட மற்ற சிலர் வாபஸை ஏற்கவில்லை.

இது ஒற்றைச் சம்பவமும் அல்ல. அவருடைய நிறுவனத்திலிருந்து வந்த 456 ஆய்வுகளின் நெறிமுறை அனுமதி குறித்து 2023-ல் வெளியான ஓர் அலசல் கேள்வி எழுப்பியது. அவற்றில் 248 ஆய்வுகள் ஒரே அனுமதி எண்ணைக் காட்டியிருந்தன! கேள்வி கேட்ட எலிசபெத் பிக் மீது ரவுல்ட் தரப்பு 2021-ல் அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுக்கும் அளவுக்குப் போனது. 2024 முடிவதற்குள் ரவுல்ட் பெயர் உள்ள கட்டுரைகளில் 20-க்கும் மேற்பட்டவை வாபஸ் ஆகியிருந்தன.

எதற்காக இவ்வளவு கட்டுரைகள்?

தனி ஒருவரின் ஆசை என்று இதைக் கடந்துபோக முடியாது. பிரான்ஸில் பொது மருத்துவமனைகளின் ஆராய்ச்சி நிதி, கட்டுரைகளுக்குக் கிடைக்கும் புள்ளிகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்த முறைக்குப் பெயர் ‘சிகாப்ஸ்’. புள்ளி கூடினால் மருத்துவமனைக்கு வரும் பணமும் கூடும்.

அப்போதைய கணக்குப்படி, முதல் தர இதழில் வெளியானால் 8, கீழ் வரிசை இதழ் என்றால் 2. இதை எழுதியவரின் இடத்தைப் பொறுத்துப் பெருக்க வேண்டும். முதல் அல்லது கடைசிப் பெயராக இருந்தால் 4-ஆல் பெருக்கல். ஆக, முதல் தர இதழில் ஒரு கட்டுரை 32 புள்ளி. கீழ் வரிசை இதழில் ஒரு கட்டுரை 8 புள்ளி.

இப்போது கணக்கைப் பாருங்கள். பல ஆண்டுகள் உழைத்து ஒரு பெரிய ஆய்வு வெளியிடுவதும், சின்னச் சின்னதாக 4 கட்டுரைகள் போடுவதும் ஒரே புள்ளி! எது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை. அளவுகோலே ‘நிறைய எழுது’ என்று சொன்னால், நிறையத்தான் எழுதுவார்கள்.

மறுபக்கம் ஒரு கதை: காட்டலின் கரிக்கோ

எண்கள் ஒருவரை ஏற்றிவிடும் என்றால், இன்னொருவரை இறக்கியும் விடும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா போன காட்டலின் கரிக்கோ, எம்ஆர்என்ஏ மூலக்கூறை மருந்தாக்க முடியும் என்று நம்பியவர். ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருடைய பதவியைக் குறைத்தது.

ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து 2005-ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான், பின்னாளில் ஃபைசர்-பயோஎன்டெக், மாடர்னா தடுப்பூசிகளுக்கு அடித்தளம். முன்னணி இதழ் ஒன்று நிராகரித்த பிறகே அது ‘இம்யூனிட்டி’ இதழில் வந்தது. அப்போது பெரிய பரபரப்பு ஏதும் இல்லை. 2020-க்குப் பிறகு மேற்கோள்கள் மளமளவென்று குவிந்தன. 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

2005-ல் இருந்த கட்டுரையும் 2023-ல் இருந்த கட்டுரையும் ஒன்றேதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது மேற்கோள் எண்ணிக்கை மட்டுமே. 2010-ல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்த ஒருவருக்கு ரவுல்ட் எங்கேயோ இருந்திருப்பார், கரிக்கோ கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்.

‘டாப் 2% விஞ்ஞானி’ - நம்ம ஊர் நிலவரம்

ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் ஒரு செய்தி வரும். ‘உலகின் டாப் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள்’ என்று. வாட்ஸ்அப்பிலும், கல்லூரி அட்மிஷன் விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள்.

இது விருது அல்ல. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு, மேற்கோள் தரவுகளை வைத்துப் போடும் கணக்கு. எச்-இண்டெக்ஸ், எழுதியவர் வரிசையில் எந்த இடம் என 6 அளவுகளைச் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று வாழ்நாள் கணக்கு. மற்றொன்று ஒரே ஓர் ஆண்டின் கணக்கு. எந்தப் பட்டியல் என்பதை விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தன்னுடைய கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டும் ‘சுய மேற்கோள்’ எவ்வளவு என்பதும், அண்மைப் பதிப்புகளில் வாபஸ் ஆன கட்டுரைகள் எத்தனை என்பதும் அதே தரவில் இருக்கின்றன. அதையும் விளம்பரத்தில் பார்க்க முடியாது!

சுய மேற்கோள் என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல. சென்னையில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி, தன் கட்டுரைகளைத் தானே பெருமளவில் மேற்கோள் காட்டித் தரவரிசையில் ஏறியதா என்று 2023-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த புலனாய்வுக் கட்டுரை கேள்வி எழுப்பியது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையிலும், 2025-ல் வாபஸ் ஆன கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை வந்தது.

அப்படின்னா எண்களே வேண்டாமா?

அப்படி இல்லை. ஆயிரக்கணக்கானோரின் ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு துறையில் எது அதிகம் பேசப்படுகிறது என்று அறிய மேற்கோள் உதவும். அதற்குத்தான் அது பிறந்தது. பணி நியமனம், பதவி உயர்வுக்கு இதழின் மதிப்பெண்ணைப் பார்க்காமல், ஆய்வையே படித்துப் பார்த்து முடிவெடுங்கள் என்று 2013-ல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டது. உலகம் முழுக்கப் பல ஆயிரம் ஆய்வாளர்களும் நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டுள்ளனர்.

சாதாரண வாசகருக்கு? ‘பிரபல மருத்துவரின் ஆய்வு சொல்கிறது’ என்று அடுத்த முறை ஒரு ஃபார்வர்டு வந்தால், அவர் எத்தனை கட்டுரை எழுதினார் என்பதை விட்டுவிட்டு, நாலு கேள்வி கேட்டால் போதும்.

1. ஆய்வில் எத்தனை பேர்? 36 பேரா, 4,700 பேரா?

2. மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்களா?

3. பாதியில் விலகியவர்கள், இறந்தவர்கள் கணக்கில் சேர்க்கப்பட்டார்களா?

4. வேறு ஒரு குழு இதையே செய்து பார்த்து இதே முடிவுக்கு வந்திருக்கிறதா?

இந்த நாலையும் 2020 மார்ச்சில் கேட்டிருந்தால், ரவுல்ட்டின் எச்-இண்டெக்ஸ் என்னவென்று யாருக்கும் தெரிய வேண்டியிருந்திருக்காது. கட்டுரையின் முதல் சில பக்கங்களிலேயே முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தது.

அந்தக் கட்டுரை இன்றும் இணையத்தில் இருக்கிறது. ‘வாபஸ் பெறப்பட்டது’ என்ற குறிப்போடு. அதன் மேற்கோள் எண்ணிக்கை மட்டும் கழிக்கப்படவில்லை.